தொட்டிக்கு மாலை போட்ட தீபாவளி

எங்கள் மாயவரத்தில் வெந்நீர் கேட்பவர்கள் இரண்டு பேர்தான்: காய்ச்சல்காரர், பிள்ளை பெற்றவள். மற்றவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீரின் சூடே போதும். அதனால்தான் எங்கள் ஊர் தர்மப் பிரசவ ஆஸ்பத்திரிக் கமிட்டி, வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சாதனம் வாங்கலாமா என்று யோசித்தபோது, அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதற்கு மத்திய அரசு குறைந்த வட்டியில் கடன் தருகிறது என்று சொல்லும் துண்டுப் பிரசுரம் மட்டும் மேஜைமேல் கிடந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் விறகுப் புகையில் இருமியபடி வெந்நீர் போடும் ஆயாக்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பெங்களூர்ல உங்க தங்கச்சி வீட்டுக்காரர் மாட்டியிருக்காருன்னீங்களே. தீபாவளிக்கு அங்கேயே போயிட்டு வாங்களேன். ஐப்பசி மாசம், மழை மேகமெல்லாம் இருக்கும். அதுல வேலை செய்யுதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அது 2006. அந்த வருடம் தீபாவளி சனிக்கிழமை வந்தது. வியாழன் காலை நான் பெங்களூரில் இறங்கினேன்.

போவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. தங்கை காந்தா என் சித்தப்பா மகள். அவள் இறந்தது சுனாமி வந்த அதே மார்கழியில். எங்கள் கடற்கரையில் ஊர் ஊராக அழுதுகொண்டிருந்த நாட்களில் அந்த ஒற்றைச் சாவுச் செய்தி வந்து சேர்ந்தது. சாலைகள் இருந்த நிலையில் என்னால் போக முடியவில்லை. குளிருக்கு வாளித் தண்ணீரில் மின்சார ராடு போட்டிருக்கிறாள். சூடாகிவிட்டதா என்று பார்க்கக் கையை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவள் கணவர் மாசிலாமணி மாநில மின்துறையில் அலுவலக மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற அப்போது சில மாதங்களே பாக்கி.

ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வயதிருக்கும். பெயர் பாபு. மாசிலாமணியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவராம்.

"மாயவரம் சாரு? மணி சார் அனுப்சாரு. குந்துங்க."

ஒக்கலிபுரம் தாண்டுவதற்குள் ஆட்டோ இருமியது; பிறகு நின்றது. பாபு இறங்கி, பின்னால் போய் எதையோ தட்டிவிட்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். நானும் இறங்கித் தள்ளினேன். தள்ளிக்கொண்டே போய் ஒரு காஸ் பங்க் வரிசையின் வாலில் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஆட்டோக்கள் தெருமுனை திரும்பியும் நின்றன.

"பெட்ரோல் ஓட்டினு இருந்தேன் சார். பொகை வருது, காஸுக்கு மாத்துன்னு கவர்ன்மெண்ட்டு சொல்லிச்சு. சரின்னு மாத்துனோம். இப்ப பொகை இல்ல, சவாரியும் இல்ல. பாதி நாளு இங்கதான் குடித்தனம்."

முன் ஆட்டோவிலிருந்து ஒருவர் தக்கணி உருதுவில் ஏதோ சொன்னார். வரிசையே சிரித்தது. என்னவென்று கேட்டேன்.

"அவரு சம்சாரம் சோத்துக் கேரியரை இங்கயே குடுத்து அனுப்புதாம். வூட்டுக்கு வந்தாத்தான் யாரு நீன்னு கேக்குதாம்."

நானும் சிரித்தேன். பாபு மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். "எது புச்சா வந்தாலும் மொதல்ல நம்ம மாதிரி ஆளுங்க மேலதான் சார் ட்ரை பண்றாங்க. இப்ப மணி சாரு மொட்டைமாடில ஒண்ணு வச்சிருக்காரு. பாக்கலாம், பாக்கலாம்."

அல்சூர் ஏரியைத் தாண்டி, கோயில் தெருக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆட்டோ நின்றது. ஒரே சுற்றுச்சுவர், ஒரே வாசல். உள்ளே நடுவில் முற்றம், அதைச் சுற்றி நாலு ஓட்டு வீடுகள், வாசல் பக்கம் வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு. இந்த அமைப்பை இங்கே வட்டாரம் என்கிறார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை, அதில் எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக.

மாசிலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மச்சான். குளிருதா? மொதல்ல குளிங்க" என்றார்.

அந்த வெந்நீரை நான் மறக்க மாட்டேன். குழாயைத் திறந்தேன். முதலில் சில்லென்று வந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு கையை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புகை இல்லை, சத்தம் இல்லை, கரி இல்லை. எங்கள் ஆயாக்களை நினைத்துக்கொண்டேன்.

குளித்துவிட்டு வந்ததும் என்னைத் தெருமுனை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அக்கி ரொட்டி என்ற அரிசிமாவு ரொட்டியும் தேங்காய்ச் சட்னியும். சாம்பார் தித்தித்தது; எங்கள் ஊரில் அப்படி வைத்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்போம். காபியைப் 'பை டூ' என்று கேட்டு வாங்கினார். ஒரு காபியை இரண்டு சிறிய தம்ளர்களில் பங்கிட்டுத் தருகிறார்கள். இந்த ஊரில் யாரும் முழுக் காபி குடிப்பதில்லை போலிருக்கிறது. பாதி பாதியாகப் பலமுறை குடிக்கிறார்கள்.

"காந்தா போனதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் எதுலயும் இல்ல மச்சான்" என்றார் தம்ளரைப் பார்த்தபடி. "ஆபீஸ் சுவர் பூரா மின் சிக்கனப் போஸ்டர் ஒட்டி வச்சிருப்போம். லைட்டை அணை, ஃபேனை அணைன்னு. தண்ணி காயவைக்கிறதுக்குத்தான் வீட்ல கரண்ட் ஜாஸ்தி போகுதுன்னு எனக்கு அத்துப்படி. ஆனா நம்ம வீட்ல ராடு. நாலு வீட்லயும் ராடு. இப்பவும் என் வீடு நீங்கலா மூணு வீட்ல ராடு இருக்கு. பாபு சம்சாரம் செல்வி ஏழு மாசம். அந்தப் பொண்ணும் கைய வச்சுத்தான் பாக்குது. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவர் செய்தது இதுதான். ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருடம் சூரிய வெந்நீர்ச் சாதனம் ஒன்றை வாங்கி, வீட்டுக்காரம்மாவின் மொட்டைமாடியில் மாட்டி, நாலு வீட்டுக் குளியலறைக்கும் சொந்தச் செலவில் குழாய் இழுத்திருந்தார். மற்ற மூன்று வீட்டாரும் அதை நம்பாமல் இன்னும் ராடையே போட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் பெயர் கௌரம்மா. எழுபதைத் தாண்டிய கன்னடக்காரர். தமிழ் சரளமாகப் பேசுவார். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தீபாவளி விடியற்காலையில் நாலு வீட்டுக்கும் எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் வர வேண்டும். வந்தால் சாதனம் அங்கேயே இருக்கும். குடித்தனக்காரர்கள் எல்லோரும் ராடைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். வராவிட்டால் அந்த இடத்தில் துணி காயப்போட அவருக்குக் கொடி வேண்டும்.

"அந்தம்மா சொன்னா யாரும் தட்ட மாட்டாங்க. நான் சொன்னா, பெண்டாட்டி செத்த துக்கத்துல ஏதோ பேசறாருன்னு போயிடறாங்க" என்றார்.

மாலையில் மொட்டைமாடிக்குப் போனோம். தெற்கு பார்த்துச் சாய்ந்த கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே வெள்ளைப் பீப்பாய்போல் ஒரு தொட்டி. சுற்றிலும் எட்டிய தூரம் வரை பார்த்தால் கூரைக்குக் கூரை அதே பீப்பாய்கள். சிவனசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தில் 1905-இலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் இது என்று படித்திருக்கிறேன். நூறு வருடம் கழித்து அதே ஊர், மின்சாரம் போதாமல், வெயிலைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. சாதனம் மாட்டியவர்களுக்கு மின் கட்டணத்தில் சிறு தள்ளுபடி உண்டாம். புது வீடுகளுக்குக் கட்டாயமாக்குவது பற்றியும் பேசுகிறார்களாம். இந்த வேலையைப் பார்க்கும் மத்திய அரசுத் துறைக்குக்கூட அந்த மாதம்தான் பெயர் மாற்றினார்கள் என்று பின்னர் பத்திரிகையில் பார்த்தேன்.

"இது பிளாஸ்க் மாதிரி மச்சான்" என்று தொட்டியைத் தட்டிக் காட்டினார் மாசிலாமணி. "பகல் பூரா வெயில்ல காஞ்ச தண்ணி மேல ஏறி இதுல நிக்கும். ராத்திரி ஆறாது. விடிகாலைல குளிக்கற தண்ணி முந்தின நாள் வெயிலோடது. அதனால நாளைக்கு வெள்ளிக்கிழமை வெயில் அடிச்சாப் போதும்."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் திரண்டிருந்தது. 

வெள்ளிக்கிழமை காலை மேகமாகத்தான் விடிந்தது. மாசிலாமணி முற்றத்துக்கும் மாடிக்கும் நடந்துகொண்டேயிருந்தார். செல்வி பாத்திரம் துலக்கியபடி, "மாமா, நீ மேல பாத்தா மேகம் பயந்து ஓடிடுமா?" என்றாள். ஒல்லியான பெண், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது.

"ஓடும். பாரேன்."

பத்து மணிக்கு மேல் ஓடத்தான் செய்தது. நடுப்பகலில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. மாசிலாமணி குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து என்னிடம் நீட்டினார். சொம்பைக் கையில் பிடிக்க முடியாமல் கீழே வைத்தேன். அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

மத்தியானம் என் காரியத்துக்காக ரிச்சர்ட்ஸ் டவுன் போனோம். அங்கே மாசிலாமணிக்குத் தெரிந்த பிலோமினா டீச்சர் வீட்டில் பல வருடங்களாக இந்தச் சாதனம் இருக்கிறது. வீட்டைச் சுற்றி ரோஜாச் செடிகள். டீச்சர் பஃப்ஸும் டீயும் கொடுத்தார். ஐப்பசி மழையில் எப்படி என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். ஒரு நாள் மேகம்னா தாங்கும். ரெண்டு நாள், மூணு நாள் சேந்தாப்ல மூடிக்கிச்சுன்னா பச்சத் தண்ணிதான். நாங்க அன்னைக்குக் குளிக்காமலே சர்ச்சுக்குப் போவோம். கர்த்தர் கண்டுக்க மாட்டாரு, ஃபாதர் மட்டும் கொஞ்சம் தள்ளி நிப்பாரு." பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "பிரசவ ஆஸ்பத்திரின்னா விறகு அடுப்பையும் இடிக்காம வச்சிருங்க" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன். துண்டுப் பிரசுரத்தில் இல்லாத வரி அது.

திரும்பும்போது பஸ் கடைத்தெருக்களின் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. தீபாவளிக் கூட்டம். நகரவே இல்லை. பட்டாசுப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவரிடம் கண்டக்டர் கன்னடத்தில் சொன்னார்: "ஐயா, அதை மட்டும் இங்கே கொளுத்திடாதீங்க. ஆனா கொளுத்தினாத்தான் வண்டி நகரும்போல இருக்கு." கடைசியில் இறங்கி நடந்தோம். அல்சூர் வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

வட்டாரத்துக்குள் நுழைந்ததும் மாசிலாமணி நின்றுவிட்டார்.

முற்றம் பளிச்சென்று கழுவிக் கிடந்தது. நடுவில் பெரிய கோலம். ஓர் ஓரத்தில் கௌரம்மாவின் பழைய செப்பு அண்டா, புளிபோட்டுத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, நீர் நிரம்பி நின்றது. கன்னடத்தில் அதை ஹண்டே என்பார்கள். ராடுகள் வருவதற்கு முன்னால் வட்டாரத்துக்கே தினமும் வெந்நீர் காய்ந்தது அதில்தானாம்; அதன் பிறகு தீபாவளிக்கு மட்டும். தீபாவளிக்கு முந்தின மாலை இவர்களுக்கு 'நீரு தும்போ ஹப்பா' - நீர் நிரப்பும் பண்டிகை. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவி, பூஜை செய்து, புதுநீர் நிரப்பி வைப்பார்கள். விடிகாலையில் அதைக் காய்ச்சிக் குளிப்பார்கள். அதுவரை அந்த நீரை யாரும் தொடக் கூடாது. எங்கள் பக்கம் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆவலோடு விசாரித்துக்கொண்டேன்.

"மேல போய் நோடு மணி" என்றார் கௌரம்மா. வெள்ளை முடி, பெரிய பொட்டு, குரல் மட்டும் வாலிபம்.

மாடிக்குப் போனோம். வெள்ளைத் தொட்டிக்கு வட்டமாக மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, மாவிலை கட்டி, செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார்கள். கீழே ஒரு அகல் எரிந்தது.

படியேறி வந்த கௌரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இனிமே இதுதான் நம்ம வட்டாரத்து ஹண்டே. காந்தா இருந்தா அவ கையாலதான் பூ வச்சிருப்பா. ஒவ்வொரு வருஷமும் அவதானே என்கூட நிப்பா."

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்தபடி, "ஜெயிச்சுட்டோம் மச்சான்" என்றார்.

குழாயை யாரும் திறந்து பார்க்கவில்லை. நிரப்பிய நீரைத் தொடக் கூடாதே.

தீபாவளியன்று இன்னும் இருட்டாக இருக்கும்போதே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெங்களூர்க் குளிர் எலும்பில் ஏறியது. கௌரம்மா முற்றத்தில் மணைபோட்டு, வயது வரிசையில் உட்கார்த்தி, ஒவ்வொரு தலையிலும் எண்ணெய் வைத்தார். விருந்தாளி, மூத்தவன் என்று எனக்கு முதலில். செல்விக்கு வைக்கும்போது மட்டும் ஏதோ பாடினார். எல்லோர் முகத்திலும் எண்ணெய் வழிந்தது. எங்கோ முதல் வெடி வெடித்தது.

முதல் குளியல் எனக்கு. மாசிலாமணியின் குளியலறையில் குழாயைத் திறந்தேன். சில்லென்று வந்தது. முதலில் அப்படித்தான் வரும் என்று காத்திருந்தேன். வாளி பாதி நிரம்பியது. முழுக்க நிரம்பியது. கையை வைத்தேன். பனிக்கட்டி போலிருந்தது.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து கையை நீட்டினார். குழாயை இன்னும் திருகினார். அடுத்த வீட்டுக்கு ஓடினார். அங்கும் அப்படியே. மாடிக்கு ஏறி இறங்கினார். வால்வுகள் சரியாகத்தான் இருந்தன. முற்றத்தில் எல்லோரும் எண்ணெய்த் தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கண்ணில் எண்ணெய் இறங்கிய யாரோ முனகினார்கள். 

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பாபு. "ட்ரை பண்றாங்க, ட்ரை பண்றாங்கன்னு. வுடுங்க சார், புள்ளத்தாச்சி நடுங்கினு நிக்குது. ராடு இருக்கு. பத்து நிமிசம்."

"பாபு, வேணாம்" என்றார் மாசிலாமணி.

"பின்ன? பச்சத் தண்ணில முழுவச் சொல்றியா? காச்சலு வந்தா நீ பாப்பியா?"

பாபு வீட்டுக்குள் போய்விட்டார். திறந்திருந்த கதவு வழியே குளியலறை விளக்கு எரிவதும், வாளியும், அதன் விளிம்பில் கம்பி தொங்குவதும் தெரிந்தன. செல்வி உள்ளே போனாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியருகே குனிந்தாள். அவள் வலது கை நீண்டது.

மாசிலாமணி ஓடினார். அவளை நோக்கி ஓடவில்லை. வாசலுக்கு ஓடினார். மீட்டர்ப் பலகையில் ஏதோ டக்கென்று பிடுங்கிய சத்தம் கேட்டது. வட்டாரம் முழுவதும் இருண்டது.

கூச்சல் எழுந்தது. "பண்டிகை நாள்ல வீட்டை இருட்டாக்கிட்டியே மணி! அபசகுனம்!" என்று கௌரம்மா கத்தினார். பாபு இருட்டில் எதிலோ இடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னா சார், பைத்தியம் புடிச்சிருக்கா உனுக்கு? குடு, ஃபீஸைக் குடு!"

மாசிலாமணி பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். பிடுங்கிய ஃபியூஸ் கட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். அகல் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் அருகில் போனேன்.

"கைய வச்சுத்தான் பாத்தா" என்றார். யாரிடம் என்று இல்லை. "சூடாயிடுச்சான்னு. வேற ஒண்ணுமே பண்ணல. நான் இங்க முற்றத்துல ஷேவ் பண்ணிட்டிருந்தேன். ஒரு சத்தம்கூடக் கேக்கல."

பாபுவின் கை நீட்டியபடியே நின்றது. செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு, தன் வலது கையைத் தலைப்பில் துடைத்தாள், துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

கௌரம்மா அருகில் வந்து கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "நேத்து அவ்ளோ வெயில் இருந்ததே மணி. தண்ணி ஏன் காயல?"

"தெரியலம்மா. மத்தியானம் மச்சான் கையால பாத்தாரு. கொதிச்சுது."

"ஆமா, கொதிச்சுது" என்றார் கௌரம்மா. "சாயங்காலம் நாங்க திறந்தப்பகூடக் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்துச்சு."

மாசிலாமணி தலையைத் தூக்கினார். "எதைத் திறந்தீங்க?"

"தொட்டிக்கு அடில இருக்கே, அதை. நீதானே மாட்டின அன்னைக்குக் காட்டின? வருஷத்துக்கு ஒரு தடவை இதைத் திறந்து காலி பண்ணி, தொட்டியைக் கழுவணும்னு. நீரு தும்போ ஹப்பாவைவிட அதுக்கு ஒள்ளே தினா, நல்ல நாள், எது? பழைய தண்ணியை வச்சுக்கிட்டுப் பூஜை பண்ணுவாங்களா? எல்லாத்தையும் விட்டுட்டு, தேச்சு, புது நீர் நிரப்பினேன். அந்த வெந்நீர்லதான் முற்றம் கழுவினோம். செல்வி கால் வலிக்குதுன்னு ஊத்திக்கிச்சு."

அந்த முற்றம், அந்தக் கோலம், அந்தப் பளிச்சென்ற கல் எல்லாம் அகல் வெளிச்சத்தில் தெரிந்தன. ஒரு நாள் வெயில் முழுவதும் அங்கே ஓடி, சந்துச் சாக்கடையில் இறங்கியிருந்தது. கௌரம்மா தனக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். வருடாவருடம் செய்ததையும் செய்திருந்தார். ஒன்றிலும் பிழை இல்லை. மாசிலாமணி முப்பது தீபாவளி அந்த அண்டாத் தண்ணீரில் குளித்தவர். அதை எந்த வேளையில் யார் காலி செய்து யார் நிரப்புகிறார்கள் என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. அது காந்தாவுக்குத் தெரியும். அவள் இருந்திருந்தால் மாடிப்படியிலேயே தடுத்திருப்பாள்.

"கொதிக்கக் கொதிக்கவா வந்துது?" என்று மறுபடி கேட்டார் மாசிலாமணி.

"கை வைக்க முடியல."

அவர் சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். "அப்ப காஞ்சிருந்துது மச்சான். நல்லாவே காஞ்சிருந்துது" என்று சொல்லிக்கொண்டே அழுதார். கௌரம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு முதலில் எழுந்தவரும் கௌரம்மாதான். "ஏய் பாபு, சும்னே நிக்காதே. மூணு கல்லு கொண்டா. பின்னால தென்னை மட்டை இருக்கு. ஹண்டே இருக்கும்போது என்ன கஷ்டம்?"

பாபு ஒரு நிமிடம் மாசிலாமணியின் கையிலிருந்த ஃபியூஸைப் பார்த்தார். அதைக் கேட்கவில்லை. கல் தேடப் போனார்.

செப்பு அண்டா கல் மேல் ஏறியது. தென்னை மட்டை, உடைந்த பெட்டிப் பலகை, பழைய துடைப்பம் எல்லாம் எரிந்தன. புகை கண்ணைக் கரித்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நிற்பதுபோலிருந்தது. விளக்குகள் போடப்படவில்லை. கடைசி ஆள் குளித்து முடிக்கும்வரை ஃபியூஸ் மாசிலாமணியின் மடியிலேயே இருந்தது. நரகாசுரன் கதையின்படி சூரியோதயத்துக்கு முன் முடிய வேண்டிய குளியல். எங்கள் வட்டாரத்தில் பாதிப்பேர் குளித்தது சூரியன் பார்க்க. பாபு கடைசி ஆள். அண்டாவின் அடியில் இருந்ததைச் சுரண்டி ஊற்றிக்கொண்டு, "இது வெந்நீரா, ரசமா?" என்றார். அன்று முதலில் சிரித்தது செல்வி.

காலைப் பலகாரத்துக்கு ஹோளிகே கொடுத்தார் கௌரம்மா. எங்கள் ஊர் போளிதான், நெய் மட்டும் மூன்று மடங்கு. சாப்பிடும்போது தொட்டியைப் பற்றிய பேச்சே எழவில்லை. நிபந்தனைப்படி மாசிலாமணி தோற்றிருந்தார். அவர் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். துணிக்கொடியைப் பற்றிக் கௌரம்மா எப்போது பேசுவார் என்று நான் காத்திருந்தேன்.

மத்தியானம் கௌரம்மா தனியாக மொட்டைமாடிக்குப் போனார். வாடத் தொடங்கியிருந்த மாலையை எடுத்தார். பிறகு மாசிலாமணி வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து, முற்றத்துக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். ஆவி பறந்தது.

"அடுத்த வருஷம் காலம்பறவே கழுவிடணும்" என்றார். "காலைல புது நீர் நிரப்பிட்டா, சாயங்காலத்துக்குள்ள சூரியன் காய்ச்சிடுவான். அல்லவா மணி?"

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

"நிரப்பறது சாயங்காலம் இல்லையாம்மா? வழக்கத்தை மாத்தலாமா?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "நீரு தும்பறதுதான் ஹப்பா. கடியாரம் பாத்துத் தும்பறது ஆபீஸ்." பிறகு பாபுவின் வீட்டுப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினார். "நாளைக்குக் காலைல வெந்நீர் வரும். எல்லாரும் பாத்துக்கோங்க. வந்தப்புறம் எவன் வீட்லயாவது அந்தக் கம்பியைப் பாத்தேன்னா, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகலாம்."

ராடு பாபு வீட்டுக் குளியலறை ஆணியில் தொங்குவது எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் புறப்பட்டேன். ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிவிட்டேன். வாங்கலாம். விறகு அடுப்பை இடிக்க வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கழுவுவது யார், எந்த வேளையில் என்று மாட்டுகிற அன்றே ஆயாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் சொல்வதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும்.

பாபு வெளியே ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மாசிலாமணி என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். முற்றத்தின் நடுவில் அவர் கால் நின்றது.

பாபு வீட்டுக் கதவு திறந்திருந்தது. செல்வி குழாயைத் திறந்து விட்டு வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். குனிந்தாள். வலது கை வாளியை நோக்கி நீண்டது.

மாசிலாமணியின் விரல்கள் பையின் காதில் இறுகின. நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன்.

கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஐயோ, சுடுது மாமா!" என்று இழுத்துக்கொண்டு, விரல்களை உதறினாள். சிவந்துபோன கையை எங்கள் பக்கம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கையை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே பாபு ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார்.

"பச்சத் தண்ணி கலந்துக்கோம்மா" என்றார் மாசிலாமணி. பிறகு என்னிடம், "வாங்க மச்சான், நேரமாச்சு."